சுருக்கம் போகப் பதினேழு புள்ளி ஒன்பது

2025 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. காலை ஆறே முக்கால் மணிக்குப் பழனாயியின் தக்காளிக் காட்டில் முப்பத்தேழு மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் இரண்டு முறை எண்ணினாள். முதல் முறை முப்பத்தாறுதான் வந்தது. முப்பத்தேழாவது, மயில் விரட்டவென்று அவள் கம்பில் கட்டி வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து எச்சம் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் நாய் குரைத்தபடி இருந்தது.

ஒரு மயில் ஒரு பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுப் போனால் பழனாயி பொறுத்துக்கொள்வாள். அது அப்படித் தின்னாது. ஒரு கொத்து, அடுத்த செடி, இன்னொரு கொத்து. கொத்துப்பட்ட இடத்தில் மத்தியானத்துக்குள் ஈ மொய்க்கும். மறுநாள் நீர் கோர்த்துக்கொள்ளும். மூன்றாம் நாள் காட்டுக்குள் நுழைந்தால் புளித்த வாடை குமட்டும். ஆவணி பிறக்கும் சமயம் ஆண் மயில்களுக்குத் தோகை உதிர்ந்துவிடும். மிச்சம் இருக்கும் நாலு இறகை இழுத்துக்கொண்டு அவை வரப்பில் நடப்பது, தேய்ந்துபோன விளக்குமாற்றுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.

சாலையோரம் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் படம் எடுத்தார்.

“குடுத்து வெச்சவங்க நீங்க. முருகன் வாகனம் இத்தனை ஒண்ணா நின்னு நான் பாத்ததே இல்ல.”

“கூட்டிட்டுப் போயிருங்க,” என்றாள் பழனாயி. “முப்பத்தேழும் உங்களுக்குத்தான். டிக்கியைத் தொறங்க.”

கார் போய்விட்டது. பழனாயி வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தாள்.

அது நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய ஒற்றைக் குழல் துப்பாக்கி. தோட்டா போட்டுச் சுடுவதில்லை. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் வட்டமான தக்கை ஒன்றை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பின்பக்கம் கேப் என்கிற சின்ன வெடிமூடியைச் செருகிக் குதிரையை இழுத்தால் வெடிக்கும். பயிர்க் காவலுக்கென்று அவளுடைய அப்பா பெயரில் இருந்த லைசென்ஸ், அவர் போனபின் இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அவள் பெயருக்கு மாறியது. பழனாயி ரவை போடமாட்டாள். மயிலைக் கொன்றால் ஜெயில். அந்தப் பயத்தைவிட, செத்த மயிலை யார் தூக்கிப் போடுவது என்ற அருவருப்புத்தான் அவளுக்குப் பெரிது. வெறும் மருந்தை வானத்தைப் பார்த்து வெடிப்பாள். அதற்கே கூட்டம் மொத்தமும் எழும்பி ஆனைமலைப் பக்கம் போய், மறுநாள்தான் திரும்பும். பட்டாசுக்கு அவை எப்போதோ பழகிவிட்டன. இந்தச் சத்தம் வேறு மாதிரி. நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம்.

அன்றும் இடித்தது. முப்பத்தேழும் எழும்பின. பழனாயி துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். காலி. அப்பா விட்டுப்போன பதினொரு தக்கைகளில் கடைசியையும் சுட்டாயிற்று.

அப்பா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்த மனிதர். மாட்டுக்கு ஊசி போட்ட தேதி, கிணற்றில் தண்ணீர் இறங்கிய அடி, எந்த வருடம் எந்தத் தென்னையில் இடி விழுந்தது, எல்லாம் உண்டு. தக்கையை எங்கே வாங்கினார், என்ன அளவு என்பது மட்டும் இல்லை. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் அவற்றைத் தூக்கி எறிந்தாள். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. பதினொன்றில் ஒன்றை அளவுக்கென்று எடுத்து வைக்காதது யாருடைய குற்றம்?

பழனாயிக்கு வயது நாற்பத்தொன்பது. அவள் வாழ்க்கையில் முக்கியமான முடிவுகளையெல்லாம் எடுத்தது அவள் மூக்கு. பத்தொன்பது வயதில் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்ட உறவுக்காரர்களிடம், “அந்த ஊட்டு நாத்தம் எனக்கு ஆகலைங்க” என்றாள். சாக்கடையைச் சொல்கிறாளா, புருஷனைச் சொல்கிறாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுடைய தம்பி மகுடேஸ்வரன் திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்கியபோது ஒரு வருடம் அங்கே செக்கிங் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அப்பாவின் இரண்டரை ஏக்கருக்கு வந்துவிட்டாள். அதற்கும் அதே காரணத்தைத்தான் சொன்னாள்.

லைசென்ஸ் அவள் கைக்கு வருவதற்குள் கடைசி இரண்டு தக்காளிப் போகத்தையும் மயில் அழித்துவிட்டது. இரண்டாவது போகம் போனபோது மாமன் தண்டாயுதபாணியை நடுவில் உட்கார வைத்து மகுடேஸ்வரன் பேசினான்.

“இன்னொரு போகம் பாருங்க அக்கா. அதுவும் போச்சுன்னா காட்டைத் தென்னைக் குத்தகைக்கு உட்டுட்டு நம்ம ஹாஸ்டலுக்கு வார்டனா வந்துருங்க. உங்களை மாதிரி ஆளுதான் வேணும்.”

ஹாஸ்டலில் நூற்று நாற்பது ஒடிசாப் பெண்கள் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் நின்று தலையை எண்ணி உள்ளே விடுவது, ஒன்பது மணிக்குப் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறவளிடம் ஏன், எதற்கு, யாரோடு என்று கேட்பது. பழனாயி ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். ஆட்டுப்பட்டியில்கூட ஆட்டிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மாமன் முன்னால் சரி என்று தலையாட்டிவிட்டாள். மூன்றாவது போகமும் போகும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

இப்போது முதல் பறிப்புக்குப் பதினேழு நாள் இருந்தது. துப்பாக்கி இருந்தது, மருந்து இருந்தது, கேப்பு இருந்தது. தக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை செய்தித்தாளை உருட்டி அடைத்துச் சுட்டாள். புஸ்ஸென்று காற்றுப் பிரிந்தது. தக்கை இறுக்கமாக இல்லாவிட்டால் மருந்து எரிகிற வேகம் எல்லாம் சந்து வழியாகக் கசிந்துவிடும், வெடிக்காது. தேங்காய் நாரை அடைத்தாள். சத்தம் கொஞ்சம் வந்தது, நெருப்பும் வந்தது. தீப்பொறி பறந்து சொட்டுநீர்க் குழாயில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. ஸ்பீக்கர் பெட்டி மேலிருந்த மயில் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

புதன்கிழமை லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். துப்பாக்கிக் கடையில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

“ஊட்டுக்காரர் வரலீங்களா?”

“லைசென்ஸு என்ற பேர்ல இருக்குதுங்க. அவரு எதுக்கு?”

“இல்ல, விவரம் கேக்கலாம்னு.”

“விவரம் என்கிட்டத்தான் இருக்குது. கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு என்று எழுதிய ஒரு தக்கைப் பாக்கெட்டை மேசைமேல் போட்டார். எல்லாத் துப்பாக்கிக்கும் இதுதான் என்றார். வியாழக்கிழமை காலை அதில் ஒன்றை வைத்துக் கம்பியால் இடித்தாள். பாதிக் குழாயில் அது ஒருபக்கமாகச் சாய்ந்து சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே மருந்து வேறு. தண்ணீரை ஊற்றி மருந்தை ஊறவைத்து, கம்பி முனையில் திருகாணியைக் கட்டித் தோண்டித் தோண்டி எடுப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. கை, முகம், சேலை எல்லாம் கறுப்புச் சேறு. அழுகின முட்டை நாற்றம். அந்தக் கையோடு கடைக்குப் போன் போட்டாள்.

“குழாய்க்கு அடியில ஏதாச்சு நம்பர் இருக்குதான்னு பாருங்க,” என்றார் அவர், முந்தின நாளே கேட்டிருக்க வேண்டியதை.

துடைத்துப் பார்த்தாள். “பதினாலுன்னு இருக்குது.”

“ஓ, பதினாலு கேஜா. அது இப்ப யாரும் செய்யறதில்லீங்க.”

“பதினாலுன்னா எத்தனை அளவுங்க?”

“அது வந்துங்க, ஒரு பவுண்டு ஈயத்தைப் பதினாலு உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எத்தச்சோடு வருமோ, அதுதான் குழாயோட வாய்.”

பழனாயி போனை வைத்துவிட்டாள். ஒரு குழாயின் அகலத்தைச் சொல்ல ஈயத்தை உருட்டச் சொன்னவன் எவனாக இருந்தாலும் அவன் கொள்ளுப்பேரனைக்கூட அவள் வீட்டுக்குள் விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், கம்பெனி லீவு. மகுடேஸ்வரன் காரில் வந்தான். டிக்கியிலிருந்து ஒரு மூட்டைத் துண்டுத் துணியை இறக்கினான். கட்டிங்கில் விழுந்த வெட்டு.

“எத்தனை வேணாலும் அடையுங்க அக்கா. நூறு பர்சன்ட் ஆர்கானிக் காட்டன். ஐரோப்பாவுல பச்சைக் குழந்தைக்குப் போடற துணி.”

அவள் பதினாலு கேஜ் விஷயத்தைச் சொன்னாள். தம்பியின் முகம் தெளிந்தது. கேஜ் என்ற சொல் அவனுக்குச் சொந்தச் சொத்து மாதிரி.

“அதைய எங்கிட்ட கேக்கறதுக்கு என்னங்க அக்கா. நிட்டிங் மிசின்ல கேஜுன்னா ஒரு இஞ்சுக்கு எத்தனை ஊசின்னு அர்த்தம். பதினாலு கேஜுன்னா ஒரு இஞ்சுல பதினாலு.” போனில் கணக்குப் போட்டான். “ஒண்ணு புள்ளி எட்டு மில்லிமீட்டர். அவ்வளவுதான் உங்க துப்பாக்கி.”

பழனாயி அவன் முகத்துக்கு நேராகத் தன் ஆள்காட்டி விரலைத் துப்பாக்கி வாயில் விட்டுச் சுழற்றிக் காட்டினாள். விரலைச் சுற்றி இடம் இருந்தது.

மகுடேஸ்வரன் யோசித்தான். “தேய்ஞ்சிருக்கும்,” என்றான்.

சனிக்கிழமை காலை குழந்தைக்குப் போடும் துணியை மடித்து அடைத்துச் சுட்டாள். பாதிச் சத்தம் வந்தது. கூடவே ஒரு வாடை. பருத்தி எரிந்தால் காகிதம் எரிகிற வாடை வரும், அது அவளுக்குத் தெரியும். இது வேறு. பிளாஸ்டிக் குடத்தை அடுப்பில் வைத்த வாடை. குழாய்க்குள் கம்பியை விட்டாள். நுனியில் கறுப்பாக, கோந்துபோல் ஏதோ இழுத்துக்கொண்டு வந்தது. மூட்டையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினாள். துணி சாம்பலாகவில்லை. சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது. ஆறியதும் நகத்தால் தட்டினாள். டிக் டிக் என்று கல் மாதிரி சத்தம் கேட்டது. தம்பிக்குப் போன் போட்டாள்.

“தம்பி, உன்ற துணி உருகுதுடா.”

“எந்த லாட்டுங்க அக்கா அது?”

“லாட்டு எனக்கென்ன தெரியும்? பச்சைக் குழந்தைக்குப் போடறதுன்னு சொன்னியே, அதுதான்.”

“கொஞ்சம் மிக்ஸிங் இருக்கும். எல்லாரும் பண்றதுதானுங்க. டெஸ்டிங்குக்குப் போறது வேற துணி. நீங்க இதைய யார்கிட்டயும்…”

“நான் யார்கிட்டச் சொல்லப் போறேன், மயிலுகிட்டயா?”

போனை வைத்தபின்னும் அந்த வாடை விரலில் இருந்தது. இரண்டு முறை சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள். சோற்றைப் பிசையும்போது திரும்பவும் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். குழாயைச் சுரண்டிச் சுத்தம் பண்ண அந்தப் பகல் முழுக்க ஆயிற்று. அதற்குள் மேற்கு வரிசை நான்கை மயில் முடித்துவிட்டிருந்தது.

துணியும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், அளவெடுத்து வெட்டிய கெட்டி அட்டை வேண்டும் என்று முடிவு பண்ணினாள். பனியன் ஊரில் அட்டை வெட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அளவைக் கொண்டுபோவதுதான் சிக்கல். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. ஸ்கேலை வைத்தால் ஒருமுறை பதினேழரை, ஒருமுறை பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பொரியலுக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கைப் பட்டையாக நறுக்கித் துப்பாக்கி வாயை அதன்மேல் அழுத்தித் திருகினாள். பிசிறில்லாமல் ஒரு வட்டம் கழன்று வந்தது. குழாயில் போட்டுப் பார்த்தாள். அச்சாக நின்றது. வாரக்கணக்கில் முதல்முறையாக அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. வட்டத்தைத் தாளில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திருப்பூருக்குப் புறப்பட்டாள்.

அன்று ராத்தங்கல் தம்பி வீட்டில். கிழங்கைப் பிரிட்ஜ் தலையில், ஃபேனுக்கு நேராக வைத்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஹாஸ்டல் கேட். திறக்காமல் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதலிபாளையம் தொழிற்பேட்டை. விஜயராணியின் ஷெட்டில் இரண்டு பஞ்சிங் மிசின்கள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவள், இப்போது நாற்பத்து நான்கு. பனியனில் தொங்கும் டேக்கை வெட்டி, ஓட்டை போட்டு, கயிறு கோர்த்துக் கொடுப்பது தொழில். மகுடேஸ்வரன் கம்பெனிக்கும் அவள்தான் டேக். தரை முழுக்க டேக் ஓட்டையிலிருந்து உதிர்ந்த சின்னச் சின்ன வட்டங்கள், செருப்பில் ஒட்டிக்கொண்டன.

பழனாயி தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

“என்னக்கா இது, கெழங்கா?”

“அளவு.”

“எதுக்கு?”

“துப்பாக்கிக்கு.”

விஜயராணி மிசினை நிறுத்தினாள். “ஏக்கா, யாரச் சுடப் போறீய? உங்க தம்பியயா?”

“அவனுக்கு இது பத்தாது. மயிலுக்கு. சுடலை, சத்தம் மட்டும்தான்.”

கதையைக் கேட்டு முடித்ததும் விஜயராணி வெர்னியரை எடுத்துக் கிழங்கைப் பிடித்தாள். நாலு பக்கமும் திருப்பி அளந்தாள். “பதினேழு மில்லி. கரெக்டா பதினேழு.” அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமலே கேட்டாள். “ஷ்ரிங்கேஜ் பாத்தீயளா?”

பழனாயிக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருடத்துக்கு முன்னால் செக்கிங் டேபிளில் தினம் முந்நூறு தடவை கேட்ட சொல். துணியைத் துவைத்தால் எத்தனை சுருங்கும், அதற்கு எத்தனை விட்டு வெட்ட வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு எதைக் கண்டாலும் பனியன்.

“இதென்ன பனியனா அம்மிணி, தொவைச்சாச் சுருங்கறதுக்கு? இரும்பு. நூத்தி முப்பது வருசமாச் சுருங்காத இரும்பு.”

“இல்லக்கா, நான் கேக்குறது…”

“எனக்கு உடுமலை பஸ்ஸைப் புடிக்கோணும். பதினேழுன்னா பதினேழு. வெட்டு.”

விஜயராணி தோளைக் குலுக்கினாள். பக்கத்து ஷெட்டில் சொல்லி ஒரு மணி நேரத்தில் வட்டக் கத்தி செய்து வாங்கினாள். நாலு அட்டையைப் பசைபோட்டு ஒட்டி, காயவைத்து, இருநூறு தக்கை வெட்டிக் கொடுத்தாள். கையில் எடுத்தால் பழைய நாணயம் மாதிரி கனமாக, விளிம்பு சுத்தமாக இருந்தது. பழனாயி பஸ்ஸில் வழியெல்லாம் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. மயில் முப்பத்தொன்பது. புதிதாக இரண்டு சேர்ந்திருந்தன. மருந்தைப் போட்டாள், தக்கையை வாயில் வைத்தாள். கம்பிக்கு வேலை வைக்காமல் தக்கை தானாகவே உள்ளே விழுந்தது. கிணற்றில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். துப்பாக்கியைக் கவிழ்த்தாள். தக்கை உருண்டு வெளியே வந்து அவள் காலடியில், ஈ மொய்த்த ஒரு தக்காளிமேல் விழுந்தது. பின்னாலேயே மருந்தும் கொட்டியது.

ஒன்றுக்கு மூன்றாக வைத்து ஒருதரம் சுட்டுப் பார்த்தாள். புஸ். ஒரு மயில்கூடத் தலை தூக்கவில்லை.

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அச்சாக நின்ற கிழங்கு எப்படிப் பொய் சொல்லும்? ஈயத்தை உருட்டுகிறவனை ஏசினாள், அட்டைக்காரி வெர்னியரை ஏசினாள், மயிலை, முருகனை, அப்பாவின் நோட்டை எல்லாவற்றையும் ஏசி முடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“உன்ற வெர்னியர் பொய் சொல்லுது. தக்கை கலகலன்னு ஆடுது.”

“நான் கேட்டேன்லக்கா, ஷ்ரிங்கேஜ் பாத்தீயளான்னு.”

“இரும்பு சுருங்காதுன்னு நான் சொன்னேனில்ல!”

“நான் எங்க இரும்பச் சொன்னேன்? கெழங்கச் சொன்னேன்.”

பழனாயி கையிலிருந்த தக்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“எப்ப வெட்டுன கெழங்கு அது?” என்றாள் விஜயராணி.

“ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணி.”

“எங்கிட்ட வந்தது மறுநாள் ஒம்பது மணி. இருவத்தேழு மணி நேரம். எங்கன வச்சிருந்தீய?”

“பைக்குள்ள. அப்புறம் பிரிட்ஜ் மேல. ஃபேனுக்கு நேரா.”

“வெளங்கிரும். எந்தக் கெழங்கு, ஊட்டியா, இங்கிட்டு வார மஞ்சக் கெழங்கா?”

“ஊட்டி.”

“சரி, வைங்க. நாளைக்குப் பேசுதேன்.”

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. விஜயராணி கம்பெனிக்காரர்கள் துணிக்குச் செய்வதைக் கிழங்குக்குச் செய்திருந்தாள். ஊட்டிக் கிழங்கு வாங்கிப் பட்டை போட்டு, அதே பதினேழு மில்லி கத்தியால் பத்து வட்டம் வெட்டி, தாளில் சுற்றி, பாதி நேரம் பையிலும் பாதி நேரம் ஃபேனுக்கு எதிரேயும் வைத்து அளந்திருந்தாள்.

“பதினேழுல வெட்டுனது பதினாறு புள்ளி மூணுக்கு வந்திருச்சுக்கா. நாலு பர்சன்ட் சுருக்கம். அப்ப உங்க கெழங்கு எங்கிட்ட வரும்போது பதினேழுன்னா, வெட்டும்போது பதினேழு புள்ளி ஏழு இருந்திருக்கும். அதான் உங்க குழாய். நான் பதினேழு புள்ளி ஒம்போதுல வெட்டுதேன். பனியனுக்குக் கழுத்துல வைக்குற ரிப் காலர் மாதிரி, போடும்போது கொஞ்சம் புடிக்கணும்லா.”

“நீயே சொல்லியிருக்கலாமில்ல அன்னிக்கே.”

“எங்க சொல்ல உட்டீய? பஸ்ஸு, பஸ்ஸுன்னு பறந்தீய.”

பனியன்காரர்களின் கேள்வி என்று தூக்கிப் போட்டது பழனாயிதான். ஒரு வருடம் செக்கிங்கில் நின்றவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். அன்று எரிச்சலை வேறு யார்மேலும் போட முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் கண்டக்டர் கையில் பார்சல் வந்தது. முந்நூறு தக்கை. பிரித்தால் இந்தத் தடவை சாம்பல் நிற அட்டை இல்லை. பளபளவென்று பச்சையும் வெள்ளையும். உள்ளே ஒரு சீட்டு: “அட்டை ஸ்டாக் இல்லக்கா. உங்க தம்பி கம்பெனி ரிஜெக்ட் டேக் மூலையில கிடந்துச்சு. ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு துணி வாங்குற பையர் திருப்பி விட்டது. அதுல வெட்டிட்டேன்.”

பழனாயி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ‘100% ORGANIC COTON’ என்று இருந்தது. ஒரு தீக்குச்சியை உரசினாள். ஓரம் கறுத்து, சாம்பலாகி உதிர்ந்தது. உருகவில்லை. பழைய நோட்டுப் புத்தகம் எரிகிற வாடை. தம்பி கம்பெனியிலிருந்து வந்ததில் கலப்படம் இல்லாத முதல் சரக்கு இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை, முப்பத்தொன்பது மயில்களும் வந்திருந்தன. ஸ்பீக்கர் மேல் உட்காருவது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மருந்தைப் போட்டாள். தக்கையைக் குழாய் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். போகவில்லை. கம்பியால் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு பெருமூச்சோடு உள்ளே இறங்கியது. அடியில் போய் உட்கார்ந்ததும் கம்பி கையில் துள்ளியது. கேப்பைச் செருகி, வானத்தைப் பார்த்துக் குதிரையை இழுத்தாள்.

சத்தம் காற்றாலைக் கம்பங்களில் மோதித் திரும்பி வந்தது. தென்னையிலிருந்து ஒரு காய்ந்த மட்டை விழுந்தது. முப்பத்தொன்பதும் ஒரே கணத்தில் எழும்பின, அலறிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. ஸ்பீக்கர் மயில் எழும்பிய வேகத்தில் பெட்டி கழன்று கீழே விழுந்தது. நாய் குரைப்பது நின்றது.

பழனாயி மேற்கே பார்த்தபடி நின்றாள். அவை ஆனைமலைப் பக்கம் போகவில்லை. இரண்டு காடு தள்ளி, மாரப்பனின் மக்காச்சோளத்தில் இறங்கின.

அரை மணி நேரத்தில் மாரப்பன் மொபெட்டில் வந்துவிட்டார். அறுபது வயது, வெற்றிலை வாய்.

“ஏனுங் அம்மிணி, உங்க மயிலு என்ற காட்டுக்கு வந்துருச்சுங்க.”

“என்ற மயிலா? ரேஷன் கார்டுல பேரு இருக்குதுங்களா?”

“வெளையாடாதீங்க. பால் கதிரு.”

“போன போகம் என்ற காட்டுல எறங்குனப்ப, முருகன் வாகனம், நாலு கொத்து கொத்திட்டுப் போகட்டும்னு சொன்னீங்களே. இப்பக் கொத்தட்டும்.”

மாரப்பன் எச்சிலைத் துப்பினார். அது பழனாயியின் வரப்பில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

“அந்தச் சத்தம் போடறதை, சித்த என்ற காட்டுப் பக்கமும்…”

“லைசென்ஸு என்ற காட்டுக்குத்தானுங்க.”

அவர் போனபின் காட்டுக்குள் இறங்கிச் சுற்றினாள். சுட்ட தக்கை நாலு துண்டாகப் பிரிந்து செடிகளுக்கிடையே கிடந்தது. ஒன்றில் ‘100%’ மட்டும் மிச்சம். ஒன்றில் ‘COTON’ கருகியிருந்தது. குப்பை காட்டில் கிடக்கக் கூடாது என்று பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கிழக்கு வரிசை பதினெட்டும் தப்பித்திருந்தன. மேற்கில் பாதி. மொத்தத்தில் முக்கால் காடு நின்றது. பாக்கியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக் குழியில் போட ஆள் சொல்ல வேண்டும்.

அடுத்த நாலு நாளும் காலையில் ஒரு வேட்டுப் போட்டாள். மயில்கள் எல்லையோடு நின்றுகொண்டன. செவ்வாய்க்கிழமை மகுடேஸ்வரன் போன் பண்ணினான்.

“காடு எப்பிடிங்க அக்கா இருக்குது?”

“நிக்குது.”

“அப்ப வார்டன்…”

“வேற ஆளைப் பாருப்பா. அப்புறம், அந்த டேக்குல இன்னொரு மூட்டை கெடக்குதாமா. கொளுத்திப்போடாதே. எனக்கு வேணும்.”

“எதுங்க, அந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்குதா?”

“அதுல ஸ்பெல்லிங் ஒண்ணுதாண்டா தப்பு. உன்ற துணியில…”

அவன் பையர் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ஹாஸ்டல் கேட்டில் ‘வார்டன் தேவை’ என்று அட்டை தொங்குகிறது, விஜயராணி வெட்டிக் கொடுத்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழனாயியின் காட்டில் முதல் பறிப்பு.